நூலறிவும் நெஞ்சிரக்கமும்

எம்பெருமானுடைய திருவிழாவைச் சேவிக்கத் திரளும் அடியார்கள், சந்நிதியில் தீர்த்தமும் சடாரியும் திருத்துழாயும் பெற்று வெளியே வந்தபின், மாட வீதிகளில் உள்ள புத்தகக் கடைகளின் முன்னே சற்றுத் தங்குவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஸ்தல புராணம், ஸஹஸ்ரநாமம், திவ்யப்பிரபந்தம் ஆகியவற்றோடு இன்று அக்கடைகளில் வேறொரு வகை நூல்களும் அடுக்கப்பட்டிருக்கக் காண்கிறோம். ஆன்ம விழிப்பைப் பற்றியும், இரண்டற்ற நிலையைப் பற்றியும் பேசும் நூல்கள் அவை. தாண்டவராய சுவாமிகள் இயற்றிய கைவல்ய நவநீதமும் தமிழ் ரிபு கீதையும் ஒருபுறம் இருக்கின்றன. ரமண மகரிஷியின் 'நான் யார்?' ஒருபுறம் இருக்கிறது. மும்பையில் வாழ்ந்த நிஸர்கதத்த மகராஜின் உரையாடல்களைத் தொகுத்து 1973-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியான 'ஐ ஆம் தட்' என்னும் நூலும், அதைப் பின்பற்றி எழுந்த பற்பல நூல்களும் ஒருபுறம் இருக்கின்றன. கைப்பேசித் திரையிலேயே இவற்றைப் படித்து முடிப்பவர்களும் இன்று அநேகர்.

வைஷ்ணவத் திருக்கோயிலின் வாசலில் இந்நூல்களுக்கு என்ன வேலை என்று எவரும் வினவ வேண்டியதில்லை. உண்மையை நாடும் வேட்கை எவ்வழியாக எழுந்தாலும் அது போற்றத்தக்கதே. பொழுதைக் கழிப்பதற்கு எத்தனையோ கேளிக்கைகள் மலிந்த இக்காலத்தில், ஒருவர் 'நான் யார்?' என்னும் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருகிறார் என்றால், அவர் முன்வினையில் ஏதோ நன்மை இருக்கிறது என்றே கொள்ளவேண்டும். நாம் ஆராய விரும்புவது வேறொன்று. 'எல்லாம் ஒன்றே, நீ ஏற்கெனவே அதுவாகவே இருக்கிறாய், அடையவேண்டியது எதுவுமில்லை' என்று ஒரு நூலில் படித்து, அதன் பொருளும் ஐயமின்றி விளங்கிவிட்டால், காரியம் முடிந்துவிட்டதா? முடிந்தது, முடியவில்லை என்பதை எதைக்கொண்டு அறிவது?

இது பண்டிதர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விவாதமன்று. நம் வீடுகளைத் தொடும் கேள்வி. பக்கத்து வீட்டில் பெற்ற மகனைப் பறிகொடுத்த தாய் கதறுகிறாள். புத்தகம் படித்தவர் அங்கே சென்று, 'ஆன்மாவுக்குப் பிறப்புமில்லை, இறப்புமில்லை, யார் இறந்தார்? யார் அழுகிறார்?' என்று உபதேசம் செய்கிறார். அவர் சொன்ன வார்த்தை சாஸ்திரத்துக்கு விரோதமானதல்ல. ஆயினும் அந்தத் தாய்க்கு அவ்வேளையில் வேண்டியிருந்தது ஒரு குவளைத் தண்ணீரும், அருகில் அமர்ந்து பிடித்துக்கொள்ள ஒரு கையுமே. இன்னொருவர், 'செய்பவன் என்று ஒருவன் இல்லை' என்று படித்துவிட்டு, தாம் செய்யவேண்டிய கடமையைத் தம் தம்பியின் தலையில் சுமத்திவிடுகிறார். வேறொருவர், தமக்கு விழிப்பு வந்துவிட்டது என்றும், கோயிலுக்கு வருகிறவர்கள் யாவரும் இன்னும் உறங்குகிறவர்கள் என்றும் எண்ணுகிறார். இரண்டில்லை என்று சொல்லும் நூலைப் படித்தே அவர் உலகத்தை இரண்டாக்கிவிட்டார்: அறிந்த நான் ஒருபக்கம், அறியாத மற்றவர் ஒருபக்கம்.

இக்குற்றம் அத்வைத ஆசாரியர்களைச் சாராது. ஆதிசங்கரர் மரபில் வேதாந்த விசாரணைக்குப் புகுமுன் நான்கு தகுதிகள் வேண்டப்படுகின்றன. நிலையானது எது, நிலையற்றது எது என்னும் பகுத்தறிவு. இம்மை மறுமைப் பயன்களில் பற்றின்மை. மன அடக்கம், புலனடக்கம், பொறுமை முதலான ஆறு குணங்கள். விடுதலையில் தீராத வேட்கை. இவை கைவந்தவனே நூலைத் தொடவேண்டும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. நாமோ இந்நான்கையும் புரட்டித் தள்ளிவிட்டு, நூலின் கடைசி அத்தியாயத்தில் தொடங்குகிறோம். கைவல்ய நவநீதத்திலும் தத்துவ விளக்கப் படலத்தோடு நூல் முடிந்துவிடவில்லை. அதன்பின் சந்தேகந் தெளிதற் படலம் என்று ஒன்று அமைந்திருக்கிறது. உண்மையைக் கேட்டறிந்த சீடனுக்கும் மேலும் தெளிவு தேவைப்படுகிறது என்பதை அந்நூலின் அமைப்பே காட்டிவிடுகிறது.

வேதாந்த நூல்களில் வழங்கும் இரண்டு கதைகளை இவ்விடத்தில் சேர்த்துவைத்துப் பார்ப்பது பயன் தரும். முதலாவது, அத்வைதிகள் எடுத்தாளும் 'பத்தாமவன்' கதை. பத்துப் பேர் ஓர் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியபின் ஒருவன் மற்றவர்களை எண்ணிப் பார்க்கிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஒன்பது பேரே தேறுகிறார்கள். ஒவ்வொருவனும் அவ்வாறே எண்ணி, ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் வந்து, 'நீயே பத்தாமவன்' என்கிறான். அந்த ஒரு வார்த்தையில் அழுகை ஓய்ந்தது. அவ்வாறே, 'நீ அதுவாயிருக்கிறாய்' என்னும் மகாவாக்கியம் கேட்ட மாத்திரத்தில் அறியாமையைப் போக்கிவிடும் என்பது அவர்கள் கருத்து.

இரண்டாவது கதையை எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அருளிச்செய்திருக்கிறார். ஓர் அரசகுமாரன் இளம்பிராயத்தில் விளையாட்டிலே மனம் போய், அரண்மனையை விட்டு வெளியேறி வழிதவறிவிட்டான். அந்தணர் ஒருவர் அவனை எடுத்து வளர்த்துக் கலைகளைக் கற்பித்தார். அவனுக்குப் பதினாறு பிராயம் நிரம்பியபோது, நம்பத்தக்க ஒருவர் அவனிடம் வந்து, 'இந்நாட்டை ஆளும் அரசனே உன் தந்தை; காணாமற்போன உன்னைக் காண அவன் தன் நகரத்தில் காத்திருக்கிறான்' என்றார். கேட்ட கணத்தில் அவன் உள்ளம் மகிழ்ச்சியால் நிறைந்தது. மகன் உயிரோடிருக்கிறான் என்று கேட்ட தந்தையும் அவ்வாறே மகிழ்ந்து, அவனை அடைய முயன்றான். முடிவில் இருவரும் கூடினார்கள்.

இரண்டு கதைகளிலும் ஒரே ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஆனால் முதற்கதை அவ்வார்த்தையோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் கதை அவ்வார்த்தையில்தான் தொடங்குகிறது. அரசகுமாரன், 'நான் அரசன் மகன்; இது எனக்குத் தெரிந்துவிட்டது' என்று வளர்ப்பு வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிட்டால், அவன் அறிந்தது உண்மையேயானாலும் அவன் இன்னும் தந்தையின் முகத்தைக் காணாதவனே. இதில் இன்னொரு நயமும் உண்டு. மகன் தேடுவதற்கு முன்பே தந்தையும் தேடிக்கொண்டிருக்கிறான். நூல் சொல்லும் உண்மை வெறுஞ் செய்தியன்று. நம்மை எதிர்பார்த்திருக்கும் ஒருவன் அனுப்பிய அழைப்பு.

பிரம்மசூத்திரத்தின் முதற்சூத்திர வியாக்கியானத்திலேயே எம்பெருமானார் இக்கேள்வியை நேராக எடுத்துக்கொள்கிறார். வாக்கியத்தின் பொருளை அறிந்த அளவிலே அவித்தை நீங்கிவிடுமென்றால், பொருள் விளங்கியவர்கள் அனைவருக்கும் அது நீங்கியிருக்கவேண்டும். அப்படி நாம் காணவில்லையே என்பது அவர் வினா. கண்ணோயுள்ளவன், சந்திரன் ஒன்றே என்று திடமாக அறிந்திருந்தும் அவனுக்கு வானத்தில் இரண்டு சந்திரன்கள் தோன்றுவதைப்போல, அறிவு வந்தபின்னும் பழைய வாசனையாலே வேற்றுமை தோன்றிக்கொண்டிருக்கும் என்று மறுதரப்பினர் விடை கூறுவர். அங்ஙனமாயின், அந்த வாசனையைத் தொலைப்பதற்கு வாக்கியத்தின் பொருளறிவுக்கு மேற்பட்ட ஒன்று வேண்டியிருக்கிறது என்பதுதானே தேறும் பொருள்? உபநிடதங்கள் மோக்ஷத்துக்குச் சாதனமாக விதிக்கும் ஞானம், தியானம் என்றும் உபாஸனம் என்றும் சொல்லப்படுகிற இடையறாத நினைவே என்று எம்பெருமானார் அறுதியிடுகிறார். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு வார்க்கும் எண்ணெயின் ஒழுக்கு நடுவே அறாமலிருப்பதுபோல, அறாத நினைவு. அந்நினைவு முதிர்ந்து, நேரே காண்பதற்கு ஒப்பாகி, அன்பின் வடிவம் கொள்ளும்போது அதற்கே பக்தி என்று பெயர்.

அத்தகைய நினைவு கைகூடுவதற்கு வாக்யகாரர் கூறியதாக ஸ்ரீபாஷ்யம் ஏழு துணைகளை எடுத்துக்காட்டுகிறது. உணவுத் தூய்மையாகிய விவேகம். ஆசைகளில் அழுந்தாமையாகிய விமோகம். திரும்பத் திரும்பப் பழகுதலாகிய அப்யாஸம். ஐவகை வேள்விகளை இயன்றவரை செய்தலாகிய கிரியை. உண்மை, நேர்மை, தயை, ஈகை, இன்னா செய்யாமை முதலானவையாகிய கல்யாணம். மனம் சோர்ந்து விழாமையாகிய அநவஸாதம். அளவுகடந்து களித்துவிடாமையாகிய அநுத்தர்ஷம். இவ்வேழில் நூலைப் படித்து முடித்தால் கிடைத்துவிடும் என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் உண்டா? எல்லாம் நடந்து காட்டவேண்டியவை. கடைசியில் நிற்கும் அநுத்தர்ஷம் இக்காலத்தவரைக் கருதியே சொன்னதுபோல் அமைந்திருக்கிறது. ஒரு நூலைப் படித்த மாத்திரத்தில், 'எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது' என்று எழுகின்ற களிப்பு இருக்கிறதே, அதுவும் ஒரு தடையே என்று பெரியோர்கள் கண்டு எச்சரித்திருக்கிறார்கள்.

இதற்கு அத்வைத ஞானிகளின் வாழ்வும் சாட்சி கூறுகிறது. ரமண மகரிஷி, நூல்கள் யாவும் மனத்தை அடக்கவேண்டும் என்றே முடிவாகச் சொல்வதால், அதை அறிந்தபின் முடிவின்றிப் படித்துக்கொண்டிருப்பதால் பயனில்லை என்று 'நான் யார்?' என்னும் சிறு நூலிலேயே கூறியவர். அவரே, பிச்சைக்குச் செல்லும் அன்பர்கள் பாடிக்கொண்டு போவதற்காக அருணாசல அக்ஷரமணமாலை என்று நூற்றெட்டுக் கண்ணிகள் கொண்ட காதற்பாமாலையை இயற்றினார். நிஸர்கதத்த மகராஜ் 1981-இல் மறைந்தார். மும்பையில் பீடிக்கடை நடத்தி வாழ்ந்த அவர், தம் குருவின் சொற்படி நாள்தோறும் வீட்டில் பஜனை செய்துவந்தார். அவருடைய உரையாடல்களைப் படிப்பவர்கள் பலர். அந்தப் பஜனையை எண்ணிப் பார்ப்பவர்கள் சிலரே. வாக்கியம் நூலில் ஏறிவிடுகிறது. அவ்வாக்கியத்தைத் தாங்கி நின்ற வாழ்வு நூலில் ஏறுவதில்லை.

நம் பூர்வாசாரியர்களிடத்தில் நூலறிவுக்குக் குறைவிருந்ததில்லை. ஸ்ரீபாஷ்யம் இயற்றத் திருவுள்ளம் பற்றிய எம்பெருமானார், போதாயன விருத்தி என்னும் பழைய உரையைப் பெறுவதற்காகக் கூரத்தாழ்வானோடு காச்மீரம் வரை எழுந்தருளினார் என்று குருபரம்பரை கூறுகிறது. அரிதிற் பெற்ற அந்நூலை, திரும்பி வரும் வழியிலே அந்நாட்டார் பின்தொடர்ந்து வந்து பறித்துச் சென்றார்கள். எம்பெருமானார் வருந்தி நின்றபோது ஆழ்வான், 'தேவரீர் கண்வளர்ந்த இரவுகளில் அடியேன் அதை முழுதும் பார்த்து நெஞ்சில் நிறுத்தியிருக்கிறேன்' என்று விண்ணப்பம் செய்தாராம். கையிலிருந்த ஏடு போயிற்று, நெஞ்சிலிருந்தது போகவில்லை.

அந்த மகாபண்டிதருக்கு வந்த பெருஞ்சோதனை வேறு. எம்பெருமானாருக்கு நேரவிருந்த தீங்கைத் தாம் ஏற்றுக்கொண்டு, அவருக்குப் பதிலாகச் சோழன் அவைக்குச் சென்ற ஆழ்வான், அங்கே தம் கண்களை இழந்தார். ஆயிரம் ஏடுகளைப் பார்த்த கண்கள் அவை. அத்துன்பத்துக்குக் காரணமாயிருந்தவன் நாலூரான் என்பவன். பின்னொரு காலத்தில் எம்பெருமானாரின் நியமனத்தால் காஞ்சிப் பேரருளாளன் திருமுன்பே ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்து நின்றபோது, பெருமான் வரமளிக்கத் திருவுள்ளமானான். கண்ணைக் கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஆழ்வான் கேட்டது வேறு: தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கவேண்டும் என்பது. 'இரண்டில்லை' என்று நூல்கள் எத்தனை விதமாகச் சொன்னாலும், பகைவனையும் அயலானாக எண்ணாத இந்நிலையைக் காட்டிலும் அவை சொல்லக்கூடியது வேறென்ன? எல்லா உயிர்களும் எம்பெருமானுக்குச் சரீரம் என்று கற்றவர் அவர். ஒரு சரீரத்தில் பல் நாவைக் கடித்துவிட்டதென்று பல்லை உடைத்தெறிவார் உண்டோ?

ஆழ்வானுடைய திருக்குமாரர் பராசர பட்டர். அவர் காலத்தில் கன்னட நாட்டில், அத்வைத சாஸ்திரத்தில் நிகரற்றவர் என்று புகழ்பெற்றுச் செல்வச் செழிப்போடும் வாழ்ந்த பேரறிஞர் ஒருவர் இருந்தார். மாதவர் என்பது அவர் பெயர். உலகம் 'வேதாந்தி' என்றே அவரை அழைத்தது. அவர் இல்லத்தில் உணவளிக்கும் வேளையில், பட்டர் எளிய கோலத்தோடு சென்று, 'எனக்கு வேண்டியது அன்னமன்று, தர்க்க பிக்ஷை' என்றார். பல நாள் வாதம் நடந்தது. வேதாந்தி தோற்று, பட்டர் திருவடிகளிலே பணிந்தார். பட்டர் திருவரங்கம் திரும்பிவிட்டார். வேதாந்தியோ தம் மாளிகையிலேயே முன்போல் இருந்துவந்தார். பின்னொரு நாள், தம் இல்லத்துக்கு வந்த அடியார்களுக்குத் தம் மனைவியர் அமுதிட மறுத்ததை அறிந்து அவர் உள்ளம் நொந்தது. உடனே செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, துறவு பூண்டு, திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டார். பட்டர் அவரை 'நம் ஜீயர்' என்று அணைத்துக்கொள்ள, அவரே நஞ்சீயராகித் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி என்னும் வியாக்கியானம் அருளிச்செய்தார்.

வாதத்தில் தோற்றபோது அவருடைய சித்தாந்தம் மாறிற்று. பசித்தவர் தம் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியபோதுதான் அவருடைய வாழ்வு மாறிற்று. ஒரு தத்துவத்தை விட்டு இன்னொரு தத்துவத்துக்குப் போவதும் நூலறிவின் அளவிலேயே நிகழக்கூடியது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அந்த நஞ்சீயர் பிற்காலத்தில் அடிக்கடி அருளிச்செய்ததாக நம் பெரியோர்கள் ஒரு வார்த்தையைப் பாதுகாத்துவைத்திருக்கிறார்கள். ஒருவனிடத்தில் வைஷ்ணவத் தன்மை உண்டா, இல்லையா என்பது அவனுக்கே தெரியுமாம். பிறருடைய துன்பத்தைக் கண்டபோது நெஞ்சு 'ஐயோ' என்று இரங்கினால் அவனுக்கு எம்பெருமானோடு தொடர்பு உண்டு. 'இவனுக்கு இது வேண்டியதுதான்' என்று தோன்றினால் இல்லை. எத்தனை நூல் படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. எல்லா நூல்களையும் படித்து வென்றவர், தோற்றவர், துறந்தவர் அவர். ஆதலால் அளவுகோல் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவுகோலை அத்வைத நூல் படிப்பவர்கள்மேல் மட்டும் வைத்துப் பார்த்தல் நியாயமாகாது. சரீர சரீரி பாவத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வல்லவர்களும் கோஷ்டியில் முன்னிடம் பிடிப்பதற்காகச் சச்சரவிடுவதுண்டு. அடியார்க்கு அடியார் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களே, பிரசாதம் வாங்கும் வரிசையில் முதியவளை இடித்துக்கொண்டு முன்னேறுவதுமுண்டு. படித்தது 'ஒன்று' என்றிருந்தாலும், 'அடிமை' என்றிருந்தாலும், படித்ததோடு நின்றால் இரண்டும் ஏட்டுச் சுரைக்காயே. கறிக்கு உதவும் சுரைக்காய் கொல்லையில் வளரவேண்டும். நாள்தோறும் அதற்கு நீர் ஊற்றவேண்டும்.

அப்படியானால் நூல்களைப் படிக்காமலே விட்டுவிடலாமா? கூடாது. அரசகுமாரனுக்கு ஒருவர் வந்து சொல்லாமலிருந்தால் அவன் புறப்பட்டே இருக்கமாட்டான். நூல் வேண்டும், அதைப் படிக்கும் முறையும் வேண்டும். நம் பெரியோர்கள் ஆசாரியனுடைய திருவடிகளில் அமர்ந்து ஒரு கிரந்தத்தை வரிவரியாகக் கேட்பதற்குக் 'காலக்ஷேபம்' என்று பெயரிட்டார்கள். காலத்தைக் கழித்தல் என்பதே அச்சொல்லின் பொருள். நூலை முடித்துவிடவேண்டும் என்னும் அவசரம் அதில் இல்லை. நல்ல பொருளோடு காலம் கழியவேண்டும் என்பதே நோக்கம். ஐயம் எழுந்தால் கேட்பதற்கு எதிரே ஒருவர் இருக்கிறார். செருக்கு எழுந்தால் தட்டிக் கேட்பதற்கும் அவரே இருக்கிறார். தனியே படிக்கும் நூலால் முதற்காரியத்தை ஓரளவு செய்யமுடியும். இரண்டாவதைச் செய்ய அதனால் இயலாது. புத்தகம் தன்னைப் படிப்பவனைப் பார்த்து, 'அப்பா, நேற்று உன் தாயாரிடம் ஏன் அப்படிப் பேசினாய்?' என்று கேட்பதில்லை.

அத்தகைய ஆசாரியன் எளிதில் வாய்க்காத இந்நாளில் அன்பர்கள் செய்யத்தக்கது இது. பத்து நூல்களை ஒருமுறை படிப்பதை விட்டு, ஒரு நூலைப் பத்துமுறை படிக்கலாம். அன்றன்று படித்த வரியை அன்றன்றே வீட்டிலும் வீதியிலும் சோதித்துப் பார்க்கலாம். 'எல்லாம் ஒன்று' என்று படித்த நாளில், நமக்குத் தீங்கு செய்தவர் பெயரை நினைத்து ஒரு நிமிடம் அவருக்காக வேண்டிக்கொள்ளலாம். வேண்ட முடியவில்லையென்றால், அவ்வரி இன்னும் நமக்குச் சொந்தமாகவில்லை என்று அடக்கத்தோடு அறிந்துகொண்டு, மறுநாளும் அதே வரியைப் படிக்கலாம். 'நான் செய்பவனல்லன்' என்று படித்த நாளில், நாம் செய்த நல்ல காரியத்துக்குப் பேர் தேடாமலிருந்து பார்க்கலாம். செய்த தவறுக்கு மட்டும் அவ்வரியைத் துணைக்கு அழைப்பதாயிருந்தால், நாம் நூலைப் படிக்கவில்லை. நூலைக்கொண்டு நம்மை மறைக்கிறோம்.

திருவிழாவுக்கு வந்திருக்கும் நாம் அனைவரும் இப்போது அரிய வாய்ப்பொன்றைப் பெற்றிருக்கிறோம். ஊரும் குலமும் தொழிலும் அறியாத ஆயிரமாயிரம் பேருடைய தோளோடு தோள் உராய ஒரே வடத்தைப் பிடித்து இழுக்கிறோம். ஒரே பந்தியில் அமர்ந்து ததீயாராதனத்தில் உண்கிறோம். வெயிலில் களைத்துச் சாய்ந்த ஒருவரைத் தாங்கிப் பிடிக்கும்போதும், கூட்டத்தில் கைதவறி அழும் குழந்தையை அதன் தாயிடம் சேர்க்கும்போதும், நூல்கள் பலவாறாகப் பேசும் ஒருமை நம் கையளவுக்கு வந்து நிற்கிறது. ஊர் திரும்பும்போது விருப்பமான நூலொன்றை வாங்கிச் செல்லுங்கள். அதைப் பிரிக்கும்போதெல்லாம், நம்மைத் தேடிக்கொண்டிருக்கும் தந்தை ஒருவன் இருக்கிறான் என்பதையும், அவனுக்கு மற்றப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.